தலைமாட்டில் யாரோ

தேவா: ...இல்லடா, நெஜமாத்தான் கேக்குறேன். யாரு எனக்குப் போர்வ போத்துனது?

இளவரசு: எழுந்ததுமே ஆரம்பிச்சிட்டான்.

தேவா: படுக்கும்போது என்கிட்ட போர்வையே இல்லடா. பனியனோட அப்படியே பாயில சாஞ்சேன். இப்ப பாரு... கழுத்து வரைக்கும் போத்தி, கால்மாட்டுல ரெண்டு பக்கமும் மடிச்சு சொருகியிருக்கு. பச்சப் புள்ளைக்கு சுத்துற மாதிரி.

செம்பியன்: நான்தான் போத்துனேன். மழ வந்துச்சுல்ல... சாரல் அடிச்சுது.

இளவரசு: நீயா? நைட் ஷிஃப்ட்ல ஒருத்தன எழுப்பணும்னா கால நீட்டி ஒதைக்கிற ஆளு நீ. போர்வ போத்துனியா?

செம்பியன்: செம்மங்குப்பம் பிளான்ட்டுல ஒதைக்கலாம்டா. இது சிதம்பரம். வீட்டுக்கு வந்த விருந்தாளி.

இளவரசு: அப்ப எனக்கு ஏன் போத்தல? கட்டிக்கப்போறது என் தங்கச்சிய. மரியாத மொதல்ல மச்சானுக்குத்தான வரணும்?

செம்பியன்: உனக்குப் போத்துனா வேர்க்குதும்ப.

தேவா: ரெண்டு பேரும் கொஞ்சம் வாய மூடுங்கடா... நேத்து மத்தியானம் வந்த அதே கனவு. இன்னைக்கும் வந்துச்சு.

இளவரசு: என்ன கனவு?

தேவா: சொன்னா சிரிப்பீங்க.

இளவரசு: சொல்லலன்னாலும் சிரிப்போம். சொல்லு.

தேவா: ஒரு பொம்பள... தலைமாட்டுல வந்து உக்காருறாங்க. மொகம் தெரியல. வெரல முடிக்குள்ள விட்டு மெதுவாக் கோதுறாங்க. பேன் பாக்குற மாதிரி. கை ஜில்லுன்னு இருக்கு...

இளவரசு: பாண்டிச்சேரி போயிட்டு வந்தா இப்படியெல்லாம் வரும். நாம இன்னும் போகவே இல்லயே.

தேவா: கேளுடா. கொஞ்ச நேரம் கோதிட்டு, மூக்குக்குக் கீழ ஒரு வெரல வைக்கிறாங்க.

இளவரசு: மூக்குக்குக் கீழயா? எதுக்கு?

தேவா: மூச்சு வருதான்னு பாக்க. அப்படியே வச்சிருக்காங்க. நான் மூச்ச விடுற வரைக்கும் எடுக்கல. விட்டதும் ஒரு ‘ம்...’ அவ்ளோதான். அப்புறம் போர்வ.

இளவரசு: யப்பா...

தேவா: வாசன வேற. பி-காம்ப்ளக்ஸ் மாத்திர டப்பாவத் தொறந்தா குப்புனு அடிக்குமே, அது. கனவுல வாசன வருமாடா?

செம்பியன்: மத்தியானம் எவ்ளோ தின்னோம்? சம்பா சாதம், கொத்சு, வட, பாயாசம்... வயிறு பாரமா இருந்தா கண்டதும்தான் வரும். போயி மொகத்தக் கழுவு. டீ ஆறுது.

தேவா: பேர் சொல்லிக்கூட கூப்புட்டாங்க. ராமுவோ... ராசுவோ...

செம்பியன்: டீயக் குடிடா!

தேவா: ஏன்டா கத்துற?

செம்பியன்: கத்தல. ஆறிப்போயிடும்னு சொன்னேன்.

தேவா: உனக்கு ஒண்ணும் வரலயா இளவரசு? ரெண்டு நாளும் என் பக்கத்துலதான படுத்திருந்த.

இளவரசு: நான் படுத்தா பொணம். நேத்தும் ஒண்ணும் வரல, இன்னைக்கும் ஒண்ணும் வரல. ஆமா மாப்ள... ஏசி ரூம பூட்டி வச்சிட்டு எங்கள ஏன் கூடத்துலயே படுக்கச் சொல்ற?

செம்பியன்: ஏசியில காஸ் இல்ல. நேத்தே சொன்னேனே.

இளவரசு: நேத்து நீ எங்க சொன்ன? இன்னைக்குத்தான் சொன்ன. நேத்து நாங்களா கூடத்துல சாஞ்சோம். இன்னைக்கு நீதான் பாய விரிச்சுப் போட்ட.

செம்பியன்: சரி, இன்னைக்கு சொன்னேன். இப்ப அதுக்கு என்ன?

தேவா: பயமா இல்லடா எனக்கு. அதான் பயமா இருக்கு. எங்கம்மா குவைத்துல நர்ஸா இருக்காங்க, தெரியும்ல. லீவுல வந்தாக்கூட தூங்கிக்கிட்டேதான் இருப்பாங்க, பாவம். என் தலைய அப்படி யாரும் கோதுனதில்ல. எழுந்திரிக்கவே மனசு வரல...

இளவரசு: போதும்பா. உங்க கடலூர் முதுநகர் மாதா கோயில்ல ஒரு மெழுகுவத்தி ஏத்து, சரியாப் போயிடும். வந்த வேலையப் பாப்போம். மாப்ள, பென்டிரைவ எடு. தங்கச்சி சுவேதா போன் மேல போன் போடுறா. உன் சின்ன வயசு வீடியோவுல நல்லதாப் பாத்து அனுப்பணுமாம். மண்டபத்துல பெரிய ஸ்கிரீன்ல ஓட்டப்போறாளாம்.

செம்பியன்: நானே அனுப்புறேன்னு அவகிட்ட சொன்னேன். நீ இதுக்குன்னு கெளம்பி வருவன்னு நெனைக்கல.

இளவரசு: ஏன், வரக்கூடாதா? ஆயுத பூஜைக்கு பிளான்ட்டு லீவு. நைட் ஷிஃப்ட் பாத்துப் பாத்து கண்ணு ரெண்டும் கோவப்பழம். தூங்குவோம், திம்போம், படம் பாப்போம்...

தேவா: நான்தான்டா ஐடியா குடுத்தேன். ரெண்டு வருஷமா ஒண்ணா வேல பாக்குறோம், ஒரு தடவகூட வீட்டுக்குக் கூப்புட்டதில்ல நீ. போடுடா.

செம்பியன்: இரு... இந்த ஃபைல் வேணாம். பீச்சு போடுறேன்.

தேவா: ஐ, எங்க ஊரு! சில்வர் பீச்சா இது? ஒரு கடகூட இல்ல! யாருடா கேமரா புடிக்கிறது, இந்த ஆட்டம் ஆடுது?

செம்பியன்: அப்பா. சிங்கப்பூர்லேர்ந்து மொத தடவ லீவுல வந்தப்ப வாங்கியாந்தாரு. ஊர்ல இருக்கிற அத்தன நாளும் கழுத்துலயே தொங்கும். கேசட்டெல்லாம் பூஞ்ச புடிச்சுக் கெடந்துச்சு. கடலூர்ல ஒரு ஸ்டுடியோவுல குடுத்து மாத்துனேன்.

இளவரசு: ஜட்டியோட ஓடுறது மாப்ளையா? இதத்தான் ஸ்கிரீன்ல போடணும்.

செம்பியன்: போட்டுப் பாரு. மேடைய விட்டு எறங்கிப் போயிடுவேன்.

தேவா: பின்னாடியே ஓடுறது... அம்மாவா?

செம்பியன்: ம்.

தேவா: என்னா அழகா இருக்காங்கடா! பேரு?

செம்பியன்: மாலதி.

இளவரசு: எவ்ளோ பெரிய அல வருது... அவுங்க அந்தப் பக்கம் திரும்பவே இல்ல பாரு. இவனையேதான் பாக்குறாங்க.

செம்பியன்: அடுத்தது போடுறேன். காதுகுத்து.

இளவரசு: வேணாம். அம்மா வர்றதாப் போடு. மேடையில அவுங்க இல்லாத கொறைய இந்த வீடியோதான தீக்கணும்?

செம்பியன்: அவுங்க ஜாஸ்தி வர மாட்டாங்க.

இளவரசு: மொதல்ல ஒண்ணு வேணாம்னு தள்ளுனியே, அது என்ன?

செம்பியன்: வீட்டுக்குள்ள எடுத்தது. ஒரே இருட்டு. ஒண்ணும் தெரியாது.

இளவரசு: ரிமோட்டக் குடு.

செம்பியன்: மச்சான், வேணாம்...

தேவா: போடட்டும்டா. நம்ம வீட்டு வீடியோதான... ஏய், இது இந்தக் கூடந்தான? அதே தூணு. அதே செவப்புத் தர.

இளவரசு: ஒரு பையன் தூங்குறான்.

தேவா: ஒண்ணுமே அசையலயே. போட்டோவா?

இளவரசு: வீடியோதான். சுவத்துல ஃபேன் நெழல் சுத்துது பாரு.

தேவா: டேய்... நான் படுத்திருந்த எடம்டா அது.

செம்பியன்: இருக்கிறதே ஒரு கூடம். எங்க படுத்தாலும் அந்த எடந்தான்.

தேவா: சேல தெரியுது... வர்றாங்க. உக்காருறாங்க... தலைமாட்டுல. இளவரசு, சவுண்ட வையி.

இளவரசு: வச்சிருக்கேன். அவுங்க பேசல.

தேவா: கோதுறாங்க. அய்யோ, அதே மாதிரி... அதே மாதிரி மெதுவா... இப்ப பாரு, மூக்குகிட்ட வெரல வைப்பாங்க.

இளவரசு: வைக்கலயே.

தேவா: வைப்பாங்க, பாரு...

செம்பியன்: இதுல வைக்க மாட்டாங்க. அது அப்பா போனப்புறம் வந்த பழக்கம்... என்னடா அப்படிப் பாக்குறீங்க?

இளவரசு: என்ன சொன்ன இப்ப?

செம்பியன்: என்ன சொன்னேன்?

இளவரசு: நீ ஸ்கூல் படிக்கும்போதே உங்கம்மா செத்துட்டாங்க. அப்பா தனியாளா உன்ன வளத்தாரு. அவரு போயி நாலஞ்சு வருஷம்தான் ஆவுது. எங்கப்பாகிட்ட அப்படித்தான சொன்ன? முன்னாடியே செத்தவங்களுக்கு, அவரு போனப்புறம் எப்படி ஒரு பழக்கம் வரும்?

செம்பியன்: வாய் தவறி வந்துடுச்சு மச்சான். தாத்தான்னு சொல்ல வந்தேன். தாத்தா போனப்புறம்...

தேவா: இருங்கடா... ஏதோ சொல்றாங்க. கேமராவப் பாத்து.

இளவரசு: ‘சத்தம் போடாதீங்க... ராசு தூங்குறான்.’

தேவா: ராசு! ராசுன்னாங்க! செம்பியா, கனவுல கேட்ட கொரல் இதுதான்டா! கொஞ்சம் வயசான மாதிரி... ஆனா இதே கொரல். பாரு, பாரு... போர்வைய இழுக்குறாங்க. கால்மாட்டுல... ரெண்டு பக்கமும்... மடிச்சு...

இளவரசு: சொருகிட்டாங்க.

தேவா: ஆஃப் பண்ணு. போதும். ஆஃப் பண்ணுடா.

இளவரசு: நான் பண்ணல. கரண்ட் போச்சு.

செம்பியன்: மழன்னா இங்க இப்படித்தான். இன்வெர்ட்டரு வேற வீக்கு. வாங்க, கீழ வீதி வரைக்கும் ஒரு நட போயிட்டு வருவோம். நல்ல பஜ்ஜி கட ஒண்ணு இருக்கு.

தேவா: இந்த மழையிலயா?

செம்பியன்: கொட எடுத்துக்கலாம். எழுந்திரி.

தேவா: நான் ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனைக்காத. உங்க வீடுங்கள்ல செத்தவங்க படத்துக்கு மால போட்டு, சின்னதா ஒரு செவப்பு லைட்டு எரிய விடுவீங்கல்ல? அப்பாவுக்கு இருக்கு, அதோ. அம்மாவுக்கு ஏன் இல்ல?

செம்பியன்: மாட்டணும். ஃபிரேம் போடக் குடுத்திருக்கேன்.

இளவரசு: இத்தன வருஷமாவா ஃபிரேம் போடுறான்?

செம்பியன்: மச்சான், நீ வேற ஏன்...

தேவா: உஷ்ஷ்.

செம்பியன்: என்ன?

தேவா: பின்கட்டுல ஏதோ சத்தம். டிவி ஓடும்போது கேக்கல. தட்டு... எவர்சில்வர் தட்டு உருள்ற மாதிரி.

செம்பியன்: பூனடா. பக்கத்து வீட்டுப் பூன.

தேவா: பின்கட்டு பூட்டிக் கெடக்கு, பாம்பு இருக்கு, போவாதன்னியே. பூன எப்படிப் போச்சு?

செம்பியன்: ஓட்டு மேல எறங்கும்.

இளவரசு: இப்ப தண்ணி ஊத்துற சத்தம் கேக்குது மாப்ள. பூன தட்டக் கழுவியா வைக்கும்?

செம்பியன்: அமராவதி அக்காவா இருக்கும். வேலைக்கு வர்றவங்க.

தேவா: அவுங்க காலையிலயே லீவு சொல்லிட்டுப் போயிட்டாங்களேடா. நான்தான கதவத் தொறந்து விட்டேன். தள்ளு, நான் போயி பாக்குறேன்.

செம்பியன்: தேவா, நில்லு.

தேவா: கைய எடு.

செம்பியன்: சொன்னாக் கேளு தேவா... கெஞ்சுறேன்டா. போவாத. உன்னப் பாத்தா மெரண்டுடுவாங்க.

தேவா: யாரு? யாருடா மெரண்டுடுவாங்க?

செம்பியன்: அம்மா.

தேவா: எந்த அம்மா?

செம்பியன்: எனக்கு எத்தன அம்மாடா இருக்காங்க?

தேவா: கர்த்தாவே...

செம்பியன்: உக்காரு. மச்சான், நீயும் உக்காரு. எல்லாம் சொல்லிடுறேன். கேட்டுட்டு நீ என்ன முடிவு பண்ணாலும் சரி.

இளவரசு: சொல்லு.

செம்பியன்: அப்பா மொத்தமா சிங்கப்பூர விட்டுட்டு வந்து ஒரு வருஷம்கூட ஆவல. ஒரு நாள் மத்தியானம் சாப்புட்டுட்டு, கொஞ்சம் சாயிறேன் மாலதின்னு இங்கதான் படுத்தாரு. அம்மா தலைமாட்டுல உக்காந்து சாயங்காலம் வரைக்கும் விசிறிக்கிட்டே இருந்திருக்காங்க. கரண்ட் இல்ல அன்னைக்கு. நல்லா தூங்குறாரேன்னு எழுப்பல. நான் வேலைக்குப் போயிட்டு வந்து தொட்டுப் பாத்தேன்... வெறச்சுப் போயிருந்தாரு.

தேவா: அய்யோ...

செம்பியன்: செத்த ஒடம்புக்கு விசிறிக்கிட்டு இருந்திருக்கேனேன்னு ஒரே அழுக. அதுலேர்ந்துதான். யாரு தூங்குனாலும் மூச்சு இருக்கான்னு பாக்கணும் அவுங்களுக்கு. பஸ்ல போனா பக்கத்து சீட்டுல தூங்குறவன் மூக்குல வெரல வைப்பாங்க. மத்தியானத்துல தெருவுல யாரு வீடு தொறந்திருந்தாலும் உள்ள பூந்து, தொட்டில்ல கெடக்குற கொழந்த மூக்குல வெரல வைப்பாங்க. தெருவே கதவ சாத்திக்கிட்டுச்சு. ஒரு தடவ காணாமப் போயி, காட்டுமன்னார்கோயில் பஸ் ஸ்டாண்டுல படுத்திருக்கிறவங்கள ஒவ்வொருத்தரா குனிஞ்சு பாத்துக்கிட்டு இருந்தாங்க. அங்க ஒருத்தன் அடிச்சுட்டான் அவுங்கள.

தேவா: டாக்டர்கிட்ட காட்டலயா?

செம்பியன்: காட்டாம? மாத்திர குடுத்தாங்க. நல்லாவே ஆயிட்டாங்கடா. சமைப்பாங்க, சீரியல் பாப்பாங்க, என்னோட சண்ட போடுவாங்க. ஆனா ஊரு வாய் சும்மா இருக்குமா? எனக்கு வந்த எடமெல்லாம் தட்டிப் போச்சு. பைத்தியக்காரி இருக்கிற வீடு, ராத்திரி கழுத்த நெரிச்சுடுவான்னு எவனோ சொல்லி வச்சிருக்கான். கடைசியா சுவேதா... எனக்கு அவள விட மனசில்ல மச்சான். உங்கப்பா கேட்டப்ப... சொல்லிட்டேன்.

இளவரசு: செத்துட்டாங்கன்னு.

செம்பியன்: கல்யாணம் முடிஞ்சதும் அவகிட்ட மெதுவா சொல்லிக்கலாம்னு...

இளவரசு: கல்யாணம் முடிஞ்சு? எங்க வீட்டுப் பொண்ணு இந்தக் கூடத்துல ஒரு நாள் மத்தியானம் படுத்திருப்பா. தலைமாட்டுல யாரோ வந்து உக்காருவாங்க. அப்பவா சொல்லுவ?

தேவா: அப்ப எனக்கு வந்தது கனவே இல்ல. ரெண்டு நாளும் அவுங்கதான். நான் பாதித் தூக்கத்துல...

செம்பியன்: நேத்து நான் தொறந்து விடல, சத்தியமா. அமராவதி அக்கா சாப்பாடு வச்சிட்டு தாப்பாள் போட மறந்துட்டாங்க. நான் வந்து பாக்குறேன், உன் தலைமாட்டுல உக்காந்திருக்காங்க. எனக்கு உசுரே இல்ல. ஆனா சாயங்காலம் போயிப் பாத்தா, வச்ச சோத்த முழுசா சாப்புட்டிருந்தாங்க.

தேவா: அதனால?

செம்பியன்: நாலு பருக்க உள்ள போறதே பெருசா இருந்துச்சுடா இத்தன நாளா. ஒடம்பு பாதியா போச்சு. ஒருத்தன் தூங்குறதப் பாத்து, மூச்ச தொட்டுப் பாத்துட்டா நிம்மதியா சாப்புடுறாங்க. அதான் இன்னைக்கு... நானேதான் தாப்பாள எடுத்து விட்டேன். பாய விரிச்சுப் போட்டு உங்கள இங்க படுக்க வச்சேன். மன்னிச்சிடு தேவா.

தேவா: ஏன், நீ தூங்குனா ஆவாதா? உன் தலைமாட்டுக்கு வர மாட்டாங்களா?

செம்பியன்: எனக்கு எங்கடா தூக்கம் வருது? கண்ண மூடிப் படுத்துப் பாத்தேன். வாசப்படி வரைக்கும் வந்து நிப்பாங்க. நான் முழிச்சிருக்கேன்னு எப்படியோ தெரிஞ்சிடும். திரும்பிப் போயிடுவாங்க.

தேவா: புரியல. நீ முழிச்சிருந்தா என்ன? நீ மகன்தான?

செம்பியன்: அதான்டா எனக்கும் புரியல. டாக்டருக்கும் புரியல. இப்பல்லாம் முழிச்சிருக்கிற என்ன அவுங்களுக்கு அடையாளமே தெரியல. எதிர்ல போயி நின்னா, சுவத்தப் பாக்குற மாதிரி என்னத் தாண்டிப் பாக்குறாங்க. அம்மான்னு கூப்புட்டா திரும்புறதில்ல. பகல்ல கொல்லப் பக்கம்கூட வர்றதில்ல. ஒரு வார்த்த பேசி எவ்ளோ நாளாச்சு! அசந்து எப்பவாவது தூங்குனா மட்டும், எழுந்து பாக்குறப்ப போர்வ இருக்கும். அத வச்சுத்தான் வந்துட்டுப் போனாங்கன்னு தெரிஞ்சுக்குவேன்.

இளவரசு: எப்பலேர்ந்து இப்படி?

செம்பியன்: ஆனியிலேர்ந்து. திடீர்னு ஒரு நாள் வாய மூடிக்கிட்டாங்க. அதுக்கு மொத நாள்கூட, முருங்கக்கா சாம்பார்ல உப்பு ஜாஸ்தின்னு நான் சொல்லப் போயி, அப்படியொரு சண்ட போட்டாங்க.

இளவரசு: ஆனியில என்ன நடந்துச்சு?

செம்பியன்: ஒண்ணும் நடக்கலயே. சாதாரணமாத்தான் போச்சு. உங்கப்பா மொத தடவ போன் பண்ணது அப்பத்தான். ஜாதகம் பொருந்தியிருக்கு, வீட்டுல யாரு யாரு இருக்கீங்கன்னு கேட்டாரு.

இளவரசு: எங்கேர்ந்து பேசுன?

செம்பியன்: கொல்லையில. கெணத்தடியில டவர் நல்லா கெடைக்கும்.

இளவரசு: அவுங்க எங்க இருந்தாங்க?

செம்பியன்: அவுங்க... அங்கதான் துணி காயப் போட்டுக்கிட்டு... மச்சான்... ஏன் கேக்குற?

இளவரசு: நேத்து நான் தூங்கலடா. நீயா வாயத் தொறந்து சொல்லுவன்னுதான் இவ்ளோ நேரம் பாத்தேன். தேவாகிட்ட போறதுக்கு முன்னாடி என்கிட்டத்தான் வந்தாங்க. மூக்குல வெரல வச்சதும் பயந்துபோயி நான் கண்ணத் தொறக்கப் போனேன். உள்ளங்கைய வச்சு கண்ணப் பொத்திட்டாங்க. காதுகிட்ட குனிஞ்சு சொன்னாங்க... ‘நீ சுவேதாவோட அண்ணன்தான தம்பி? தெரியும். கண்ணத் தொறந்துடாத. நான் செத்துட்டேன்னு என் புள்ள உங்கப்பாகிட்ட சொல்லியிருக்கான். முழிச்சிருக்கிறவங்க கண்ணுல நான் பட்டா, அவன் சொன்னது பொய்யாப் போயிடும்.’